அக்கினிக்கை என்று பெயர் வைத்தவன்

வீரணனுக்குக் குஷ்டம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே, அவன் என் முகத்தைப் பார்த்துக் கேட்ட நேரத்தில், இல்லை என்று சொன்னேன்.

இதுதான் நான் செய்தது. மூன்று வருடமாக ஒளித்து வைத்திருக்கிறேன். கேட்டவர்களிடமெல்லாம், ‘தனக்கு வியாதி என்பதையே ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறான், என்ன செய்வது?’ என்று உதட்டைப் பிதுக்கியிருக்கிறேன். நீங்களும் என்னைப் பார்த்து இரக்கப்பட்டிருப்பீர்கள்... வேண்டாம். முழுவதையும் கேளுங்கள்.

குரங்கணிக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில், காயத்துக்கு மருந்து வைத்துக் கட்டும் டிரஸ்ஸர் நான். டாக்டர் மாதம் ஒருமுறை, குரங்கணி வரை ஜீப்பிலும் அதற்குமேல் மூச்சிரைத்தபடி நடந்தும் வருவார். மற்ற நாட்களில் அட்டை கடித்த கால், அரிவாள் பட்ட கை எல்லாம் என் பொறுப்பு. மருந்து போடுவதைவிடச் சிரிக்க வைப்பதில் நான் கெட்டிக்காரன் என்று மலையில் பேச்சு. எனக்கும் அதில் கொஞ்சம் கர்வம் உண்டு.

வீரணன் சிலமலைக்காரன். காய் உலர்த்தும் ஸ்டோரில் அவனுக்கு வேலை. விறகடுப்பிலிருந்து புறப்படும் இரும்புக் குழாய் அறை முழுவதும் ஓடும். அந்தச் சூட்டில்தான் பச்சை ஏலக்காய் காயும். மற்றவர்கள் சாக்குத் துணியைச் சுற்றிக்கொண்டு தொடும் தகரத் தட்டை அவன் வெறுங்கையால் தூக்குவான். அடுப்பிலிருந்து எரியும் கங்கை இரண்டு விரலால் எடுத்து என் பீடிக்கு நெருப்புக் காட்டுவான்.

“டேய் வீரணா, இது கையில்லடா... அக்கினிக்கை!” என்றேன் ஒருநாள்.

ஒரே வாரத்தில் மலை முழுக்க அதுவே அவன் பெயராயிற்று. போடியிலிருந்து வரும் வியாபாரிகளுக்கு மானேஜரே அவனை அழைத்து வேடிக்கை காட்டினார். ஸ்டோருக்கு அவனைத் தலையாளாக்கினார்கள். அவனுடைய மனைவி ஒச்சம்மா, “எங்க வீட்டுக்காரருக்குப் பேரு வச்ச மவராசன்” என்று எனக்குக் கருவாட்டுக் குழம்பு கொண்டுவந்து கொடுத்தாள். நன்றாக இருந்தது. வெட்கமில்லாமல் தின்றேன்.

வலிக்காத கையில் இத்தனை கொப்புளம் ஏன் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குக் கட்டுப்போட்ட நான் கேட்கவில்லை!

ஒருநாள் கட்டுப்போட்டு முடிக்கும்போது, ஊக்கு துணியைத் தாண்டி அவன் புறங்கையில் இறங்கியிருந்ததைப் பார்த்தேன். ரத்தம் துளிர்த்தது. அவனோ தன் மகள் பேச்சிக்குப் பல் முளைத்த கதையைச் சொல்லிக்கொண்டிருந்தான். கதை ஓரிடத்தில்கூடத் தடைப்படவில்லை.

சட்டைக் கையை மேலே தள்ளினேன். முழங்கைக்குக் கீழே வெளிறிய திட்டு. டாக்டர் எங்களுக்குப் படம் காட்டி விளக்கிய அதே திட்டு.

அன்று நான் பட்ட பாட்டை என்னவென்று சொல்வேன்! கார்பாலிக் சோப்பால் கையைத் தோலுரியத் தேய்த்தேன். அவன் தொட்ட பீடிக்கட்டைப் பள்ளத்தில் வீசினேன். பிறகு, வீசிய கையை மறுபடி தேய்த்தேன். எனக்கு உணர்ச்சி இருக்கிறதா என்று பார்க்க விளக்குக் கண்ணாடியில் விரலை வைத்து, “அய்யோ!” என்று அலறினேன். சுட்டுக்கொண்டு அவ்வளவு ஆனந்தப்பட்ட மனிதன் இந்த மலையில் வேறு எவனும் இருக்கமாட்டான். லேசில் தொற்றுகிற நோயல்ல இது என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தலைக்குத் தெரிந்தது, கை மறுபடி சோப்பை எடுத்தது.

அவனிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மாதம் டாக்டர் வந்தார், போனார். அவரிடமும் சொல்லவில்லை.

அடுத்த மாதத்தில் ஒரு நண்பகல். ஒச்சம்மா பேச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். குழந்தையின் கால் வெந்திருந்தது. மருந்து போட்டேன், அழுகை அடங்கியதும் ஒச்சம்மா அவளை வெளியே கொண்டுபோனாள். பின்னால் வந்திருந்த வீரணன் கதவைச் சாத்தினான். என் கையைப் பிடித்துக்கொண்டான்.

“அண்ணே... நாந்தான் குளிப்பாட்டுனேன். கைய விட்டுப் பாத்துட்டுத்தான் புள்ளய எறக்குனேன். சூடு எனக்குத் தெரியலண்ணே.”

என் முகத்தையே பார்த்தான்.

“மறைக்காமச் சொல்லுங்க. இது அந்தப் பெருவியாதியா?”

என் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் வெள்ளை மாத்திரைகள் இருந்தன. ஆரம்பத்திலேயே கொடுத்தால் விரல்களைக் காப்பாற்றிவிடலாம் என்று டாக்டர் சொல்லி வைத்துவிட்டுப் போனவை. ‘ஆமாம்’ என்று ஒரு சொல்... கையை நீட்டினால் அலமாரி!

ஆனால் அவன் பிடித்திருந்தது என் கையை. எத்தனை பீடியை அவனும் நானும் பாதி பாதி இழுத்திருக்கிறோம்! அவனுக்கு இருந்தால் எனக்கும் இருக்குமே! அவன் கேட்ட கேள்விக்கு நான் எனக்குப் பதில் சொல்லிக்கொண்டேன்.

“அட கூறுகெட்டவனே! அக்கினிக்கைக்கு வெந்நீர் சுடுமாடா? அதெல்லாம் சாமி குடுத்த வரம். போய் சோலியப் பாரு, வெரசா!”

அவன் முகம் மலர்ந்ததே, அதை மறக்க முடியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். அவன் வாசலைத் தாண்டியதும் கார்பாலிக் சோப்பைத் தேடினேன்.

அதன்பின் அவன் கேட்கவே இல்லை. இரண்டு மழைக்காலம் போயிற்று. விரல்கள் மடங்கின. மானேஜர் கண்ணில் பட்டதும் ஒரே நாளில் மலையைவிட்டு இறக்கினார்கள். வேடிக்கை பார்த்த வியாபாரி ஒருவர்கூட எதிரே வந்து நிற்கவில்லை.

சிலமலையில் டாக்டர் அவனைப் பார்த்தார். “நெருப்புல வேல செஞ்ச கை, மடங்காம என்ன செய்யும்?” என்றான் வீரணன். இவன் ஒப்புக்கொள்ளாத நோயாளி, வாரம்தோறும் நேரில் போய்ப் பேசி மாத்திரை கொடுத்து வா என்று டாக்டர் என்னை அனுப்பினார். நானும் நல்ல பிள்ளையாகத் தலையாட்டினேன்.

வியாழக்கிழமைதோறும் மலையிறங்கிப் போடியில் பஸ் ஏறுகிறேன். மாத்திரையை வாங்கிக் கூரையில் செருகுவான். அடுத்த வாரமும் அது அங்கேயே இருக்கும். புண்ணைக் கழுவிக் கட்டுகிறேன். பேச்சியோடு ஒரு விளையாட்டு: அவள் கண்ணை மூட, கோழியிறகால் கை, கால், முதுகு என்று தொடுவேன். தொட்ட இடத்தை அவள் சொல்லவேண்டும். இதுவரை ஒன்றுகூடத் தவறவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் வாய் திறக்கும்வரை நான் மூச்சுவிடுவதில்லை.

போன வியாழன், பஸ்ஸிலேயே முடிவு செய்துவிட்டேன். போனதும், உட்காராமல் சொன்னேன்.

“வீரணா, அன்னைக்கு நீ கேட்டப்ப எனக்குத் தெரியும். அது வரமில்ல, வியாதிதான். பயந்துபோயிப் பொய் சொன்னேன்.”

அவன் என்னை ஏற இறங்கப் பார்த்தான். பிறகு... சிரித்தான்! தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தான்!

“அன்னைக்கு வரம்னீங்க, இன்னைக்கு வியாதிங்கிறீங்க. வர்ற வாரம் என்னண்ணே சொல்லப் போறீங்க? ஒங்களுக்கு எப்பவும் வெளையாட்டுத்தான்!”

“சத்தியமாடா...”

“மூஞ்சியப் பாரு ஒச்சு, எப்பிடி நடிக்கிறாருன்னு!”

பழக்கத்தில் ஒரு பீடியை எடுத்து வாயில் வைத்தேன். அவன் அடுப்பில் கைவிட்டுக் கங்கை எடுத்தான். மடங்கிய விரல்களில் அது நிற்கவில்லை. இரண்டுமுறை விழுந்தது. மூன்றாம் முறை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தான். “பத்த வைங்கண்ணே.”

தட்டிவிட்டேன். என் உள்ளங்கை சுட்டது. இந்தமுறை நான் கத்தவில்லை.

ஒச்சம்மா மட்டும் சிரிக்கவில்லை. “அன்னைக்கே தெரியுமாண்ணே?” என்றாள், பேச்சியின் காலில் இருந்த பழைய தழும்பைப் பார்த்தபடி.

“தெரியும்.”

அவள் எழுந்து, என் பையிலிருந்த கட்டுத்துணியைத் தானே எடுத்துக் கணவன் கைக்குக் கட்டினாள். என்னைத் தொடவிடவில்லை. கூரையில் செருகியிருந்த மாத்திரைகளையெல்லாம் உருவி மடியில் முடிந்துகொண்டாள். ஒன்றை எடுத்து, “முழுங்கு” என்று அவன் வாயருகே நீட்டினாள். “வெளையாட்டுக்குச் சொன்னா...” என்று அவன் இழுத்தான். நீட்டிய கை இறங்கவில்லை. விழுங்கினான்.

நான் பையைத் தோளில் மாட்டினேன்.

“வர்ற வாரமும் கொண்டாங்க” என்றாள், முகத்தைத் திருப்பாமல். அண்ணே என்று சொல்லவில்லை.

உள்ளங்கைக் கொப்புளம் இன்னும் வலிக்கிறது. வருகிற வியாழக்கிழமை, முதல் பஸ்ஸுக்கே போகிறேன்.