மில்லுக்குள் ஒரு மீன்தொட்டி

அக்காவைக் கட்டிய அத்தான் மாங்குளத்தில் நெல் குத்தும் மில் வைத்திருந்தார். வீட்டிலிருந்த மீன்தொட்டியின் தண்ணீரை வடிகட்டவென்று கொழும்பில் ஒரு மலிவு மிஷின் வாங்கி வந்தார். அதற்குக் கரண்ட் வேண்டும். ஊரிலேயே கரண்ட் இருந்தது மில் எஞ்சினில் பூட்டிய டைனமோவில்தான். ஆகவே தொட்டியும் மில்லுக்குக் குடிபெயர்ந்தது.

எஞ்சின் ஓடினால் மிஷின் ஓடும். எஞ்சின் ஓடினால் தவிடும் பறந்து தொட்டிக்குள் விழும். மிஷின் அதைப் பாடுபட்டு உறிஞ்சி, பாதியைத் திருப்பித் துப்பும்.

"எப்பிடிச் சாமான்?" என்று அத்தான் கேட்டார்.

"சத்தம் நல்லாயிருக்கு, அத்தான்."

பொங்கலுக்கு மில்லைப் பூட்டினார். மிஷினும் நின்றது. தவிடெல்லாம் அடியில் படிந்து, தண்ணீர் பளிங்காகத் தெளிந்தது. அத்தான் பூரித்துப்போனார்.

"பாத்தியோ? இவ்வளவு நாள் ஓடினதின்ர பலன் இப்பதான் தெரியுது!"