மூன்றாம் குவாட்டர்

போர் நிறுத்தம் இருந்த காலம். எஹலியகொடைப் பக்கம் ஒரு சிறிய பயிற்சிக் கல்லூரியில் நான் தட்டெழுத்தாளராக இருந்தேன். சிங்களமும் தமிழும் எழுத வாசிக்கத் தெரிந்தவள் அந்த அலுவலகத்தில் நான் ஒருத்திதான். தெரணியகலைப் பக்கம் றப்பர் தோட்டத்தில் பிறந்து, சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி வளர்ந்ததில் ஒட்டிக்கொண்ட மொழி. அதனால் தமிழில் ஒரு கடதாசி தேவையென்றால் அது என் மேசைக்கு வரும்.

முன்பள்ளி ஆசிரியர் பயிற்சி ஒரு வருடம். அதை நான்காகப் பிரித்து, மூன்று மாதத்துக்கு ஒரு பரீட்சை வைப்பார்கள். குவாட்டர் என்போம். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது தோதாக இருந்தது. வீட்டில் யாருக்காவது சுகமில்லாமல் போனால் ஒரு குவாட்டரை விட்டுவிட்டு அடுத்த முறை வந்து சேரலாம். அதுவரை படித்தது வீணாகாது. அந்த வருடம் தமிழ் வகுப்பில் ஐந்து பெண்கள். ஐவரும் மூன்றாவது குவாட்டரைப் பாஸ் பண்ணியிருந்தார்கள்.

அப்போது செமஸ்டர் முறை வந்தது. மண்டபத்தில் விளக்கேற்றினார்கள், கிரிபத் என்ற பாற்சோறு வெட்டினார்கள். கல்லூரி அதிபர் உலகத் தரம் என்று அரை மணி நேரம் பேசினார். முதல் இரண்டு குவாட்டரும் சேர்ந்து முதலாம் செமஸ்டர் ஆயிற்று. மூன்றாவது தனியே நின்றது. அரை செமஸ்டர் என்று ஒன்று கிடையாதாம். அதைப் படித்து முடித்தவர்கள் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட்டு, அடுத்த அணியோடு இரண்டாம் செமஸ்டரை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பதிவாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு சம்மதக் கடிதத்தைத் தமிழில் அடிக்கச் சொன்னார். 'எனது சுயவிருப்பத்தின் பேரில்' என்று தொடங்க வேண்டும் என்றார். சுயவிருப்பம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றத்தான் செய்தது. ஆனாலும் அடித்தேன். ஐந்து பிரதி எடுத்தேன்.

நான்கு பெண்கள் வாசித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார்கள். ஐந்தாவது பெண் மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அந்த அம்மா பால் வெட்டி முடித்த கையோடு வந்திருந்தார். விரலிடுக்கில் றப்பர் பால் காய்ந்து நூல் நூலாகத் தொங்கியது. ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் அறை முழுக்கப் பரவியது. பதிவாளர் முகம் சுளிக்கவில்லை. எழுந்து போய் ஜன்னலைத் திறந்தது நான். அந்த நாற்றத்தில்தான் நான் பதினெட்டு வயது வரை தூங்கி எழும்பினேன். பவுடர் போட்டுக்கொண்டு அலுவலகம் வரத் தொடங்கி மூன்று வருடம்கூட ஆகவில்லை. இதை எழுதும்போதும் எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது.

"இதுல என்னா எழுதியிருக்குங்க மிஸ்?" என்று அம்மா கேட்டார்.

"புது முறைக்கு மாறுறதுக்கு உங்க மக சம்மதிக்கிறான்னு இருக்கு. எல்லாரும் போட்டுட்டாங்க."

"மூணு பரீட்ச எழுதிட்டாளே. அது வீணாப் போயிறாதுல்ல?"

பதிவாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். நான், "அதெல்லாம் பைல்ல இருக்கும்மா" என்றேன். பொய் இல்லை. பைலில் இருந்தது. இருந்து என்ன பயன் என்பதைத்தான் சொல்லவில்லை.

"நீங்க சொன்னாச் சரிங்க மிஸ். நம்ம புள்ள நீங்க" என்றார் அம்மா. மகள் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு வாரம் கழித்து அறிவித்தல் பலகையில் சிங்களத்தில் ஒரு கடிதம் தொங்கியது. சிங்கள வகுப்புப் பெற்றோர் திரண்டு வந்து, படித்த குவாட்டர் வீணாகக் கூடாதென்று சத்தம் போட்டிருந்தார்கள். அவர்கள் கேட்டது நியாயம். அதற்கு அதிபர் இறங்கி வந்திருந்தார். மூன்று குவாட்டர் முடித்தவர்களுக்கு எட்டு வார விசேட வகுப்பு, ஒரு பரீட்சை, அந்த வருடமே சான்றிதழ். நான் கடிதத்தைக் கழற்றிக்கொண்டு பதிவாளரிடம் ஓடினேன்.

"சேர், இது தமிழ்ப் பிள்ளைகளுக்கும் தானே? நான் தமிழில் அடிக்கட்டுமா?"

"தேவையில்லை மிஸ். தமிழுக்கு விரிவுரையாளர் வர மாட்டேன் என்கிறார். அவரையே கேளுங்கள்."

தமிழ் விரிவுரையாளர் எங்கள் ஆள்தான், தோட்டத்தில் பிறந்து படித்து வந்தவர். ஸ்டாஃப் ரூமில் பிளேன்டீயில் பிஸ்கட்டைத் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"எட்டு வாரமா? லீவுல யாரு வாறது?" என்றார். "அதுகளுக்கு என்னா அவசரம்? எஸ்டேட்லதானே கெடக்கப் போகுதுக. அடுத்த வருசம் படிக்கட்டும்."

மீசையில் பிஸ்கட் துகள் ஒட்டியிருந்தது. அந்த வாயில் இருந்து 'அதுகள்' என்ற சொல் வந்ததை என்னால் சகிக்க முடியவில்லை. சிங்களத்தில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். இவரை விட்டுவிட்டு என் மேசைக்குத் திரும்பினேன்.

அன்று மாலையே அந்தக் கடிதத்தைத் தமிழில் அடித்து, யாரிடமும் கேட்காமல் பலகையில் ஒட்டினேன். ஐந்து பெண்களுக்கும் ஆள் மூலம் சொல்லி அனுப்பினேன். அவர்கள் வந்தபோது பதிவாளர் கடதாசியைக் கிழித்துப் போட்டிருந்தார். தங்களுக்கும் விசேட வகுப்பு வேண்டும் என்று ஐவர் பேரிலும் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். மூன்றே நாளில் பதில் வந்தது. 'சுயவிருப்பத்தின் பேரில் சம்மதம் தெரிவித்துள்ளபடியால்' பரிசீலிக்க முடியாதாம். அந்தப் பதிலையும் நான்தான் தமிழில் அடித்தேன்.

ஐந்தாவது பெண் அதை என் மேசை முன்னால் நின்று வாசித்தாள்.

"அன்னைக்கே உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"விசேட வகுப்பு வைப்பாங்கன்னு தெரியாது."

"அதக் கேக்கல. மூணாவது குவாட்டர் போயிருச்சின்னு தெரியுமா?"

"தெரியும்."

"எங்கம்மா கேட்டாங்களே."

அவள் கடிதத்தை மடித்து எடுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.

இரண்டு பெண்கள் படிப்பை விட்டார்கள். ஒருத்தி கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். ஐந்தாவது பெண் ஆறு மாதம் கழித்து வந்து, ஏற்கெனவே படித்த பாடங்களைத் திரும்ப உட்கார்ந்து படித்தாள். அதே விரிவுரையாளர், அதே பழுத்த குறிப்புக் கொப்பி. களிமண்ணில் யானை செய்து வரச் சொன்னார். முன்பு செய்ததையே கொண்டுவரட்டுமா என்று அவள் கேட்டதற்கு வகுப்பை விட்டு வெளியே நிற்க வைத்தார். வராந்தாவில் அவள் நிற்பதை என் மேசையிலிருந்து பார்த்தேன். பார்த்துவிட்டுத் தட்டச்சைத் தொடர்ந்தேன். சான்றிதழ் கிடைத்தபோது, அவளுடைய தோட்டத்தில் புதிதாகத் தொடங்கிய முன்பள்ளிக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

நான் அந்த வேலையில் மேலும் நான்கு வருடம் இருந்தேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பியிருந்தார்கள் என்று சொல்லிக்கொள்ளலாம். அது உண்மைதான். ஆனால் சேலை கட்டி, விசிறிக்குக் கீழே உட்காரும் அந்த இடத்தை விட எனக்கு மனமில்லை என்பதும் உண்மை.

கடைசியாக அவளைப் பார்த்தது கரவனெல்ல ஆஸ்பத்திரியில், வெளிநோயாளர் வரிசையில். மடியில் ஒரு குழந்தை. தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் பிள்ளை பார்க்கும் வேலை கிடைத்திருப்பதாகச் சொன்னாள். பெஞ்சில் நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"அம்மா எப்படி இருக்காங்க?" என்று கேட்டேன்.

"இருக்காங்க மிஸ். இன்னும் பால் வெட்டத்தான் போறாங்க. உங்களப் பத்திப் பேசுனா, அந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிருக்காதுன்னுதான் சொல்லுவாங்க."

"நீ சொல்லலயா?"

"சொல்லல."

குழந்தையின் நம்பரைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்து உள்ளே போனாள்.