பலகையில் அடக்கிய மூச்சு

என் கையெழுத்து கோணல், எழுத்துப் பிழையும் இருக்கும். மூன்றாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பினாங்குத் துறைமுகத்தில் அரிசி மூட்டை சுமக்கிறேன். ஒரே மகள் காய்ச்சலில் இறந்தபின் எனக்கு உறக்கம் இல்லை. தியானம் செய்தால் மனம் அடங்கும் என்றார்கள். விடியலில் கடற்கரையில் கண்மூடி உட்கார்ந்தால் நெஞ்சு வெடிப்பதுபோல் இருக்கும், எழுந்துவிடுவேன். இருபது நாள் பார்த்தேன். இருபத்தோராம் நாளும் முடியாவிட்டால் கடலில் இறங்கிவிடுவது என்றிருந்தேன்.

அன்று, அங்கே தினமும் ஆசனம் செய்யும் சலவைக்காரர் ஒருவர் அருகில் வந்தார்.

“மூட்டை தூக்குற ஆளாண்ணே?”

“ஆமா. எப்படித் தெரியும்?”

“பலகையில நடக்கிற மாதிரி மூச்ச அடக்கிட்டு உட்கார்ந்திருக்கீங்க. மூட்டைதான் இறங்கிருச்சே, மூச்ச விடுங்கண்ணே.”

படகிலிருந்து கரைக்கு ஒற்றைப் பலகையில் மூட்டையோடு நடக்கையில், கால் தடுமாறாதிருக்க மூச்சை அடக்குவோம். பதினெட்டு வருடப் பழக்கம். உட்கார்ந்தபோதும் அதையே செய்திருக்கிறேன்.

கைகளைத் தூக்கி, மெல்லக் குனிந்து, மூச்சை முழுவதும் விடச் சொன்னார். நாலாவது தடவை மூச்சோடு அழுகையும் வந்தது. அவள் இறந்த அன்றுகூட நான் அழவில்லை. அவர் கடலைப் பார்த்தபடி காத்திருந்தார்.

“இப்ப உட்காருங்கண்ணே.”

உட்கார்ந்தேன். மகள் முகம் வந்தது. நான் எழுந்திருக்கவில்லை.

மனம் இன்றும் முழுதாக அடங்கவில்லை. ஆனாலும் தினமும் குனிந்து, மூச்சை விட்டு, பிறகு உட்காருகிறேன். அவள் போய் இன்றோடு மூன்று வருடம்.

1932, தை 9.