ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம்

எங்களுக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் பிறந்த அன்றே இறந்துபோயின. மூன்றாவதுக்கு என் மனைவி புஷ்பத்துக்கு வலி கண்டது, தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன புயலுக்கு நாலு வருஷம் முந்தி, ஐப்பசி மாதத்தில். இதுவும் போனால் அவளும் போய்விடுவாள் என்றுதான் நினைத்தேன்.

எங்கள் ஊர் அக்காள்மடத்தில் என் முகம் தெரியாதவர்களுக்கும் என் சத்தம் தெரியும். கடலில் அடுத்த வள்ளத்தைக் கூப்பிட வேண்டுமானால் என்னைத்தான் எழுந்து நிற்கச் சொல்வார்கள். ஜெபத்துக்கு நான் வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவர் ஜெபம் அவருக்கே கேட்காது. அதில் எனக்குப் பெருமையும் உண்டு.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குப் போக ரயில் சாயங்காலம்தான். மச்சானைப் பாம்பனுக்கு அனுப்பி மருத்துவச்சி பாத்தும்மாக்காவைக் கூட்டிவரச் சொன்னேன். அதற்குள் வீட்டுக்குள் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடிவிட்டார்கள். ஒருத்தி முக்கச் சொன்னாள், ஒருத்தி வேண்டாம் என்றாள். ஒருத்தி செத்துப்போன பிள்ளைகளைச் சொல்லி மூக்கைச் சிந்தினாள். வாசலில் சபை மூப்பரும் ஆண்களும் கைதட்டி ஜெபித்தார்கள். எல்லாருக்கும் மேலே என் சத்தம்.

உச்சி வேளையில் புஷ்பத்துக்கு வலி நின்றுவிட்டது. பிள்ளை இறங்கவில்லை.

பாத்தும்மாக்கா வந்ததும் புஷ்பத்தின் தங்கை ரோசாவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களை வெளியே அனுப்பினார். பிறகு என்னிடம் வந்தார்.

"தம்பி, நீதானா இப்பிடிக் கத்துறது?"

"ஜெபம் பண்ணுறேன்க்கா."

"வேணாமுன்னு நான் சொல்லல. ஒன் சத்தம் கேக்கும்போதெல்லாம் அவ ஒடம்பு வெறைக்குது. புள்ள எப்பிடி இறங்கும்?"

ஜெபத்தை நிறுத்தச் சொல்ல இவர் யார் என்று எனக்குக் கோபம் வந்தது. நம்ம மார்க்கத்துக்காரரும் இல்லையே என்று மனதில் ஓடியதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். விறுவிறுவென்று போய், அவள் இருந்த இடத்தை மறைத்த ஓலைத் தட்டிக்கு இந்தப் பக்கம் நின்று, "நெசமா புஷ்பம்?" என்று கேட்டேன்.

"முந்தி ரெண்டு தடவையும் இந்தச் சத்தந்தாங்க கேட்டுச்சு. பெறகு புள்ள இல்லன்னு சொன்னாங்க. இப்பவும் அதே சத்தம். பயமா இருக்குங்க."

நான் பிள்ளைக்காகக் கூப்பிட்ட சத்தம் அவளுக்குச் சாவுச் சத்தமாகக் கேட்டிருக்கிறது. இத்தனை வருஷம் அவள் அதைச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆண்களைக் கடற்கரைக்குப் போகச் சொன்னேன். மூப்பருக்குப் பிடிக்கவில்லை. "வாய அடச்சுட்டா விசுவாசம் எங்கனப்பா இருக்கு?" என்றார்.

"கடக்கரையில நின்னு கத்துங்கய்யா. அங்கன கத்துனாலும் ஆண்டவருக்குக் கேக்கும்," என்றேன். முணுமுணுத்துக்கொண்டே போனார்கள்.

வீடு அடங்கியது. பாத்தும்மாக்கா கடல் பக்கத்துச் சன்னலைத் திறந்துவிட்டு, கருப்பட்டிக் காப்பி கொடுத்து, அவளைக் கைத்தாங்கலாக நடக்கவிட்டார். ரோசா இடுப்பைத் தடவிவிட்டாள். என்னைத் தட்டியின் இடுக்கு வழியாகக் கையை நீட்டச் சொன்னார். புஷ்பம் வந்து பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

சத்தமில்லாமல் ஜெபிக்க எனக்குத் தெரியாது. ஆண்டவரே என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வரவில்லை. அவள் மூச்சையே கேட்டுக்கொண்டிருந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக அந்தக் கை சூடானது. பிறகு இறுகியது. வலி திரும்பிவிட்டது.

பொழுது சாயும் நேரத்தில் பாத்தும்மாக்கா, "வந்திருச்சும்மா," என்றார்.

பிள்ளை அழவில்லை.

முந்தைய இரண்டும் இப்படித்தான். என் தொண்டை வரைக்கும் சத்தம் வந்தது. புஷ்பத்தின் விரல்கள் என் கையை நெரித்தன. நான் கத்தினால் அவளுக்கு எல்லாம் முடிந்துவிடும் என்று தெரிந்தது. தோளில் கிடந்த துண்டை வாயில் திணித்துக் கடித்தேன். உள்ளே பிள்ளையின் முதுகைத் தேய்க்கும் சத்தம் மட்டும் கேட்டது. எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியவில்லை. என் ஆயுசில் அவ்வளவு நீளமான நேரம் இல்லை.

பிறகு என் மகள் அழுதாள். அப்பனுக்குத் தப்பாத குரல். அந்தச் சத்தத்தைக் கேட்டு நான் அழுததில், கடித்திருந்த துண்டு நனைந்துவிட்டது.

அவளுக்கு இப்போது ஏழு வயது. எங்கள் தெருவில் யாருக்கு வலி கண்டாலும் நானே போய்க் கூட்டத்தைக் கலைத்துக் கடற்கரைக்குக் கூட்டிப்போகிறேன். புருஷன்காரனை மட்டும் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார வைக்கிறேன். பாத்தும்மாக்காவை அனுப்பியவர் யார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

உங்கள் வீட்டிலும் இந்த நாள் வரும். பயப்படாதீர்கள், அவரை நம்புங்கள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். அன்றைக்கு நான் ஒரு வார்த்தைக்கு மேல் சொல்லவில்லை. ஆண்டவர் அத்தனையும் கேட்டார்.