கிளிஃபர்ட் சொன்னபடியே எழுதினேன்

இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸ் ஊரில் கிளிஃபர்ட் சக்டன் கை வைக்காத ஈரச் சுவர் குறைவு. முப்பது வருடம் அதுதான் வேலை. சுவரின் அடியில் வரிசையாகத் துளை போட்டு, ஈரம் ஏறாமலிருக்க மருந்து செலுத்தி, பூசிவிட்டு வருவார். கழுத்தில் டை கட்டிய கட்டட சர்வேயர் ஒருவர் பிறகு வந்து பார்த்து, அறிக்கையின் அடியில் கையெழுத்துப் போடுவார். அந்தக் கையெழுத்து தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று ஐம்பது வயதில் கிளிஃப் முடிவு செய்தார். கட்டட வேலைக்காரர்களுக்கும் சொத்து மதிப்பிடுபவர்களுக்கும் அஞ்சல் வழியே பாடம் நடத்தும் கல்லூரியில் சேர்ந்தார். மாதம் ஒரு பொட்டலம் வரும். மத்தியானம் வேனிலேயே உட்கார்ந்து சாண்ட்விச் தின்றுகொண்டு படிப்பார். எழுதி அனுப்பியவை சிவப்பு மைக் குறிப்புகளோடு திரும்பி வரும். அந்த ஆசிரியர் ஆணா பெண்ணா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

ஆறாவது வருடம் நோய் வந்தது. முதலில் கை போயிற்று, பிறகு கால், பிறகு நாக்கு. மூளையை மட்டும் தொடாத நோய். மனைவி முன்பே இறந்துவிட்டாள். மகள் ஜனைன் லீட்ஸிலிருந்து வாரக் கடைசியில் வருவாள். மற்ற நாட்களில் வீட்டுச் சாவி, அவரைப் பார்த்துக்கொள்ள வந்த நர்ஸான என்னிடம். குளிப்பாட்டினேன், ஊட்டினேன், புரட்டிப் படுக்க வைத்தேன், பாடமும் வாசித்தேன். ஒரே ஒரு தாள் பாக்கி இருந்தது.

"ஜூன்ல பரீட்சை. அதுவரைக்கும் என்னை உயிரோட வச்சிரு, ஐரீன்."

"நீ சூப்பை ஒழுங்கா முழுங்கு, வச்சிருக்கேன்."

"உன் சூப்புக்குப் பரீட்சையே தேவலாம்."

அவர் பேச்சு அதற்குள் எனக்கு மட்டுமே புரியும் நிலைக்கு வந்திருந்தது. அதனால் அவருக்காக நானே எழுதலாம் என்று கல்லூரி அனுமதித்தது. நிபந்தனையும் கடிதத்தில் இருந்தது: சொன்னதை அப்படியே எழுத வேண்டும், திருத்தக் கூடாது, முகக்குறிப்பும் காட்டக் கூடாது. மேற்பார்வைக்கு மிஸ் ஹெல்லிவெல் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை வீட்டுக்கே வந்தார். என் முகம் தெரியும்படி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

இரண்டு கேள்விகள் நன்றாகவே போயின. மூன்றாவது: பழைய வீடு, உட்சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஈரம், வெளியே சுவரை ஒட்டிப் பூச்செடிப் பாத்தி. காரணம் என்ன, என்ன செய்ய வேண்டும்?

அந்தப் பாடத்தை நான் பத்துத் தடவையாவது வாசித்திருப்பேன். துளை போடுமுன் வெளியே போய்ப் பார். சுவரில் ஈரத்தைத் தடுக்கப் போட்ட படலத்துக்கு மேலே மண் குவிந்திருந்தால், அந்த மண்ணை அள்ளி அகற்றினாலே போதும். ஒவ்வொரு தடவையும் கிளிஃப் சிரிப்பார். "மண்வெட்டியால முடியற வேலைக்கு எத்தனை வீட்டைத் துளைச்சிருக்கேனோ!"

அன்று பரீட்சை தொடங்கி நாலு மணி நேரம் ஆகியிருந்தது. தாடை தொங்கிவிட்டது. "தரையிலேருந்து ஈரம் ஏறுது," என்றார். "துளை போட்டு மருந்து ஏத்தணும்."

என் பேனா நின்றது. கிளிஃப் என்னைப் பார்த்தார். மிஸ் ஹெல்லிவெல்லும் பார்த்தார். தலையைக் குனிந்து அவர் சொன்னபடியே எழுதினேன். நாலாவது கேள்வியையும் முடித்தோம்.

மிஸ் ஹெல்லிவெல் போன பிறகு அவர் வாயைத் துடைத்துவிட்டேன்.

"மூணாவதுல பேனா நின்னுச்சு," என்றார். "தப்பா?"

கேட்கும் நோயாளியிடம் பொய் சொல்லாதே என்றுதான் எனக்குப் பயிற்சி. "தப்புதான். அந்தப் பாத்தி மண்ணை நீ சொல்லவே இல்ல."

கண்ணை மூடிக்கொண்டார். "நாலுல ஒண்ணு. அப்போ பரீட்சை போச்சா?"

"போச்சுன்னுதான் நினைக்கிறேன், கிளிஃப்."

முதல் பதில் எனக்குத் தெரிந்தது. இரண்டாவது எனக்குத் தெரியாதது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

மறுநாள் புத்தகங்களைக் கட்டிப் பழைய பொருள் கடைக்குக் கொடுத்துவிடச் சொன்னார். கொடுத்தேன். அதற்குப் பிறகு சூப்பைக் கிண்டல் செய்யவில்லை, பேசாமல் முழுங்கினார். ஐந்தாவது வாரம் நெஞ்சில் சளி கட்டி இறந்தார். பரீட்சையால் இறந்தார் என்று நான் சொல்லமாட்டேன். அந்த நோய் அப்படித்தான் முடியும்.

அடக்கம் முடிந்து ஒரு வாரத்தில் கல்லூரிக் கடிதம் வந்தது. ஜனைன் பிரித்தாள்.

"நாப்பது எடுத்தா பாஸ். அப்பா நாப்பத்தாறு!" சிரித்தாள், உடனே அழுதாள். "பாஸ் பண்ணிடுவோம்னாவது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஃபெயில்னு நினைச்சுக்கிட்டுத்தான் போனார்."

"யார் சொன்னது அப்படி?"

"நான்தான்."

கடிதத்தை மடித்து உறையில் வைத்தாள். முதல் தடவை சரியாக உள்ளே போகவில்லை. வெளியே எடுத்து மறுபடி வைத்தாள்.

"சாவிய மேசை மேல வச்சிட்டுப் போங்க, ஐரீன்," என்றாள்.

வைத்துவிட்டு வந்தேன்.