எர்த் குழிக்கு உப்பு

கடைசி ஞாயிற்றுக்கிழமை நானும் அம்மாவும் மோட்டார் அறைக்குப் பின்னால் இருக்கும் எர்த் குழியைச் சோதித்தோம். மோட்டாரில் மின்கசிவு வந்தால் அதை மண்ணுக்குள் இறக்கிவிடும் குழி அது. மீட்டர் என்னிடம் இருந்தது. சற்றுத் தள்ளி இரண்டு கம்பிகளை மண்ணில் அடித்து வயரை மாட்ட வேண்டும். அம்மா சுத்தியலை வாங்கிக்கொண்டாள்.

“இந்த வயருல கரண்டு இருக்கா தாயி?”

“கொஞ்சூண்டு இருக்கும். ஒண்ணும் செய்யாது.”

வயரைக் கீழே போட்டுவிட்டாள். செருப்பைச் சரியாக மாட்டி, முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு, மறுபடியும் எடுத்தாள்.

அம்மா பெயர் பேச்சி. எம்.ரெட்டியபட்டியில் பிறந்து பரளச்சிக்கு வாக்கப்பட்டவள். நான் ஒன்பதாவது படிக்கும்போது, மோட்டார் போடப் போன அப்பா ஸ்டார்ட்டர் பெட்டியில் வைத்த கையோடு இறந்தார். அதற்குப் பிறகு அம்மா வெறுங்கையால் எந்தச் சுவிட்சையும் தொட்டதில்லை. சுவிட்ச் பலகைக்குப் பக்கத்தில் காய்ந்த பருத்திமார்க் குச்சி ஒன்றைச் செருகி வைத்திருந்தாள். அதன் நுனியால் தட்டுவாள். மிக்ஸி பரணில் கிடந்தது. மோட்டாரைச் சித்தப்பா வந்து போட்டுவிட்டுப் போவார். அந்த அறைப் பக்கம் என்னையும் தங்கையையும் அம்மா விட்டதே இல்லை.

நான் மின்பொறியியல் படிக்கப்போகிறேன் என்றபோது அம்மா சாப்பிடவில்லை. கம்ப்யூட்டர் எடு, ஏசி ரூமில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்று அழுதாள். சித்தப்பா அவளிடம் கேட்டார்: “அண்ணனக் குடுத்தது பத்தாதா மதினி? பிள்ளையவும் கரண்டுக்கே குடுக்கப் போறீகளா?”

அப்பா எப்படிச் செத்தார் என்று கேட்டால் விதி என்றார்கள். எனக்கும் சுவிட்சைத் தொடப் பயமாக இருந்தது. தெரிந்துகொண்டால் பயம் போகும் என்றுதான் சேர்ந்தேன். எங்கள் வகுப்பில் பெண்கள் ஒரு பெஞ்சுக்கு மேல் இல்லை. கம்ப்யூட்டர் வகுப்பில் பாதிக்கு மேல் பெண்கள். அவர்கள் வீடுகளிலும் அதே ஏசி ரூம் பேச்சுதான் நடந்திருந்தது. இப்போது சூரிய மின்நிலையத்தில் வேலை. காலையில் அம்மா போன் செய்து, கையுறை போட்டிருக்கிறேனா என்று மட்டும் கேட்பாள்.

இந்த வருடம் தங்கை ஜெகதீஸ்வரியும் மின்பொறியியல்தான் என்றாள். யோசித்துச் சொல்கிறேன் என்றாள் அம்மா. பிறகு அவளாகவே அந்தக் குழியைப் பார்க்கச் சொன்னாள்.

மீட்டரின் முள் கடைசிக் கோட்டுக்குப் போய் நின்றது; கசிவு மண்ணுக்குள் இறங்க வழியே இல்லை என்று அர்த்தம். மண் சுக்காகக் காய்ந்திருந்தது. அப்பா அன்றைக்குத் தொட்டதும் இந்தக் குழியை நம்பியிருந்த பெட்டியைத்தான். அம்மாவிடம் சொன்னேன். இனி என்ன செய்யணும் என்று கேட்டாள்.

குழியில் ஈரம் நிற்க, கரியும் கல்லுப்பும் நிரப்பித் தண்ணீர் விட வேண்டும். கரிக்குக் குறைவில்லை, ஊரைச் சுற்றிக் கருவேலமரக் கரிமூட்டம்தான். ஒரு சாக்கு உப்புக்கு அருப்புக்கோட்டை போக வேண்டும்.

“நானே வாங்கியாரேன். உப்பப் போட்டு முள்ளு எறங்கட்டும். எங்கையாலயே மோட்டாரப் போடுறேன். பெறகு சின்னவளுக்குச் சொல்றேன்.”

புதன்கிழமை ஜெகதீஸ்வரி போன் செய்தாள். அம்மா மிளகாய்ச் செடிக்குள் விழுந்து கிடக்கிறாள் என்றாள்.

“தொடாத. மொதல்ல மெயின ஆஃப் பண்ணு.”

“இங்க வயரே இல்லக்கா.”

மாரடைப்பு. துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் கரண்டா என்றே கேட்டார்கள். இல்லை என்றால் சிலர் நம்பவில்லை.

கல்லூரிக் கலந்தாய்வில் விருப்பப் பாடப்பிரிவைப் பதிவு செய்ய இந்த வாரம்தான் கடைசி. ஜெகதீஸ்வரி போனைக் கையில் வைத்துக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறாள். எனக்குச் சேர் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் வரவில்லை. அவள் எழுந்து சுவிட்ச் பலகைப் பக்கம் போனால் என் கண் அவள் காலில் செருப்பைத் தேடுகிறது.

மோட்டார் போடவில்லை. மிளகாய் வாடுகிறது. கரி வந்து குழியோரம் குவிந்து கிடக்கிறது. உப்புக்கென்று அம்மா உதறி மடித்த சாக்கு கொடியில் அப்படியே இருக்கிறது. அருப்புக்கோட்டைக்கு இன்னும் யாரும் போகவில்லை.