பிலோமேனாவுக்கு ஒரு கேக்

யோகாஸ்தாவுக்குப் பொய் சொல்ல வராது. எங்கள் அலுவலகத்தில் அது பெரிய குறை. எங்கள் சாந்தியாகோ நகரின் அழகு நிலையங்களுக்கு இணையத்தில் முன்பதிவு நடத்தித் தருகிறவர்கள் நாங்கள், மூன்றே பேர். முதலாளி டோன் எலிஹியோ, நிரல் எழுதும் யோகாஸ்தா, வாடிக்கையாளர்களின் திட்டுகளை ஃபோனில் வாங்கிக்கொள்ளும் நான்.

'வீட்டுக்கே வா' பக்கம் யோகாஸ்தா ஆசை ஆசையாகச் செய்தது. நடமாட முடியாத பெண்கள் பொத்தானை அழுத்தினால் அலங்காரக்காரியின் எண் வரும். மீதியை அவர்களே பேசிக்கொள்வார்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்த அவள் அம்மா, தலையைச் சீராக்க ஆளில்லாமல் கண்ணாடியையே சுவர்ப்பக்கம் திருப்பி வைக்கச் சொல்லிவிட்டாராம். அந்த வருத்தத்தில் பிறந்த பக்கம் இது. ஆனால் எத்தனை பேர் அழுத்துகிறார்கள் என்ற கணக்கை அவரவர் ஃபோன்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும். விளம்பரங்களைத் தடுக்கும் செயலி போட்ட ஃபோன்களில் இந்தக் கணக்கும் சேர்ந்து தடைபட்டுவிடும், அவை வாயே திறக்காது.

"மாசத்துக்கு ஏழெட்டு பேருதான்மா. வெள்ளிக்கிழமையோட மூடிரலாம்," என்றார் முதலாளி.

"ஃபோன் சொல்றத நம்பாதீங்க, டோன் எலிஹியோ. அழுத்துறதெல்லாம் நம்ம சர்வருக்குத்தானே வருது? அங்கயே எண்ணிக் காட்டுறேன்."

அப்படி எண்ணும் நிரலை எழுதி ஓடவிட்டாள். இரண்டு நாளில் எண்ணிக்கை ஆயிரங்களில் நின்றது. முதலாளி எழுந்து மெரெங்கே ஆடினார்.

"பிலோமேனான்னு ஒருத்தி ராப்பகலா அழுத்தியிருக்கா பாரு! வாடிக்கையாளர்னா இவதான்!"

கையோடு எல்லா நிலையங்களுக்கும் குரல் செய்தி அனுப்பினார்: வியாழக்கிழமை பிலோமேனா நேரில் வந்தால் பெரிய கேக்கும், ஒரு வருஷம் இலவச அலங்காரமும்.

யோகாஸ்தாவின் முகம் வெளுத்துவிட்டது. எங்கள் ஊரில் மின்சாரம் நினைத்தபோது போகும். சர்வர் உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க, அந்தப் பொத்தானைத் தானாக அழுத்திக்கொண்டே இருக்கும் குட்டி நிரல் ஒன்றை அவள் முன்பே எழுதி வைத்திருந்தாள். அதற்கு வைத்த பெயர்தான் பிலோமேனா. கணக்கிலிருந்து அவளை விலக்க மறந்துபோனாள்.

"வாய மூடிக்கிட்டு இருடி. உன் பக்கம் பொழச்சுப் போகட்டும்," என்றேன் நான்.

கேட்கிற ஆளா? நேரே அவரிடம் போனாள். "பிலோமேனா மனுஷியே இல்லீங்க. நான் எழுதினது." அவர் கண்ணெதிரிலேயே அவளை நீக்கினாள். ஆயிரங்கள் கரைந்து முப்பத்தெட்டு மிஞ்சியது.

"இந்த முப்பத்தெட்டுக்கா கேக்குக்குச் சொன்னேன்? மூடு அந்தப் பக்கத்த!" என்று கத்தினார். மாசத்துக்கே ஏழெட்டு என்றிருந்தது இரண்டே நாளில் முப்பத்தெட்டு ஆனது, இருந்த அவமானத்தில் அவருக்கு உறைக்கவில்லை.

வியாழக்கிழமை கேக்கும் வந்தது, பிலோமேனாக்களும் வந்தார்கள். முதலில் வந்தவள் தலையில் முடி சுருட்டும் உருளைகளோடு வந்திருந்தாள்.

"நான்தான் கண்ணு பிலோமேனா."

"அடிப் பொய்க்காரி, போன மாசம்வரைக்கும் நீ ராமோனாதானே?" என்றாள் பின்னால் வந்த இன்னொரு பிலோமேனா.

இருவரும் முடியைப் பிடித்துக்கொள்ளும் நேரத்தில், பேரன்கள் இருவர் சக்கர நாற்காலியோடு ஒரு கிழவியைத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். வெள்ளை முடி அத்தனை நேர்த்தியாகப் படிந்திருந்தது.

"நீங்களும் பிலோமேனாவா?" என்று முதலாளி சலித்துக்கொண்டார்.

"நான் எதுக்கு பிலோமேனாவா இருக்கணும்? என் பேரு அமான்டினா. நானுந்தான் அந்தப் பொத்தான அழுத்துறேன், என் தெருக்காரிங்களும் அழுத்துறாங்க. அவளுக்கு மட்டும் என்ன கேக்கு?"

யோகாஸ்தா திரையைத் திருப்பினாள். முப்பத்தெட்டுப் பேரில் அமான்டினா பாட்டி இருந்தார். ஃபோன்கள் சொன்ன பழைய கணக்கில் அவர் பெயரே இல்லை.

முதலாளி அந்த முடியையும் திரையையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "பக்கம் இருக்கட்டும்மா, நீயே வெட்டு," என்று கத்தியை எடுத்து யோகாஸ்தாவிடம் கொடுத்தார். அவள் அழுதுகொண்டே வெட்டினாள். பிலோமேனாவின் பெயர் எழுதிய துண்டை அமான்டினா பாட்டிதான் கேட்டு வாங்கித் தின்றார்.